ரீல்ஸ் ஓடுது, பாட்டு ஓடலையே!

சொந்தமாகப் பாட்டுப் போட்டு, கம்பெனி துணையில்லாமல் தாங்களே வெளியிடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சமூக ஊடகம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒலிப்பதிவிலும் இணைய விநியோகத்திலும் வேலை செய்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

எங்கள் முதல் பாட்டுக்கு மாஸ்டரிங் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமையே வெளியிட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் இறங்கி ஆடலாம் என்றிருக்கிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– இருவர் குழு, திருச்சி

வருகிற வெள்ளி வேண்டாம். நான்கு வாரம் தள்ளி ஒரு வெள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ பாட்டை நீங்களே நேரடியாக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போகும். எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரச் சில நாள், இன்ஸ்டாகிராமின் இசைப் பட்டியலில் தலைகாட்ட மேலும் சில நாள் ஆகும். 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கிலிருந்து அவர்களுடைய பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் வெளிவராத பாட்டை மட்டுமே அனுப்ப முடியும். வெளியீட்டுக்கு 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், ஆசிரியர்கள் எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் பாட்டு போய்ச் சேரும். அந்தப் படிவத்தில் 500 எழுத்துக்குள் பாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். 'உயிரைக் கொடுத்து உருவாக்கினோம்' என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். என்ன வாத்தியம், எந்த ஊர் வழக்கு, எப்போது கேட்கிற பாட்டு, காணொளி எப்போது வருகிறது என்று எழுதுங்கள்.

விநியோகப் படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களுக்காக. அட்டைப்படம் சதுரமாக 3000க்கு 3000 பிக்சல் இருக்கட்டும். அதில் இன்ஸ்டா முகவரி, இணையதளப் பெயர், 'விரைவில்' என்ற முத்திரை எதுவும் கூடாது. பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'அஃபிஷியல் வீடியோ', 'தமிழ் ராப் 2025' என்றெல்லாம் யூடியூப் பாணியில் சேர்த்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குழுவின் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி வரும் என்பதை இன்றைக்கே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் வெறும் 'எல்' போடுவார். இரண்டு பாட்டுக்கு இரண்டு விதமாகக் கொடுத்தால் ஸ்பாட்டிஃபையில் இரண்டு கலைஞர் பக்கங்கள் முளைக்கும், பின்தொடர்கிறவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். உங்கள் பெயரிலேயே வேறொருவர் இருந்தால் அவர் பக்கத்தில் உங்கள் பாட்டு போய் ஒட்டிக்கொள்ளும். கார்த்திக், அருண் என்ற பெயர்க்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. யூடியூபில் மட்டும் தலைப்பிலும் விளக்கத்திலும் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டையும் தாராளமாகப் போடலாம். தேடுகிறவர் எதில் தட்டுவார் என்று யார் கண்டது?

இந்த நான்கு வாரத்தில் முதல் இரண்டு வாரம் எதையும் பதிவிட வேண்டாம். எட்டுப் பத்துத் துணுக்குகளை எடுத்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் இரண்டு, வெளியாகும் வாரம் மூன்று போதும். மீதியை வெளியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய பிழை, வெளியீட்டு நாளோடு கையிருப்பைத் தீர்த்துவிடுவது. பாட்டைக் கேட்க முடியாத நாளில் பத்துத் துணுக்கு, கேட்க முடிகிற நாளிலிருந்து பூஜ்யம்!

'ப்ரீ சேவ்', அதாவது பாட்டு வெளிவரும் முன்பே ரசிகர்களைச் சேமித்துவைக்கச் சொல்வது பற்றி நிறையப் பேசுகிறார்கள். தமிழ் ரசிகர்களிடம் அது பெரிதாக எடுபடுவதில்லை. யூடியூபில் குறித்த நேரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கும் 'ப்ரீமியர்' வைத்து நினைவூட்டலை அழுத்தச் சொல்வது அதைவிடப் பயன் தரும்.

ஒரு ரீல் 2 லட்சம் பார்வை தாண்டியது. அதே வாரத்தில் ஸ்பாட்டிஃபையில் என் பாட்டைக் கேட்டவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. எங்கே கோட்டை விட்டேன்?
– பாடகர், கோவை

முதலில் அந்த 2 லட்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று. யூடியூப் ஷார்ட்ஸும் 2025 மார்ச் 31 முதல் இப்படித்தான் எண்ணுகிறது. நின்று பார்த்தவர்களின் கணக்கை 'என்கேஜ்ட் வியூஸ்' என்று தனியாகக் காட்டுகிறார்கள். ஆகவே மொத்த எண்ணிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், முதல் மூன்று நொடியைத் தாண்டியவர்கள் எவ்வளவு. விருப்பக் குறி மலிவானது, கட்டைவிரல் பழக்கத்தில் அழுத்திவிடும். நண்பருக்கு அனுப்ப வேண்டுமென்றால் மனசு வைக்க வேண்டும்.

அடுத்து, அந்த ரீலில் ஒலித்தது பாட்டா, வெறும் ஒலியா? எடிட் செய்யும்போதே பாட்டைப் பின்னணியில் சேர்த்து ஏற்றியிருந்தால், கீழே பாட்டின் பெயருக்குப் பதிலாக 'ஒரிஜினல் ஆடியோ' என்று வந்திருக்கும். பிடித்துப்போய் அதைத் தொடுகிறவர் உங்கள் பாட்டின் பக்கத்துக்குப் போக மாட்டார். அந்த ஒலியை எடுத்து இன்னும் ஐம்பது பேர் ரீல் செய்தாலும் பாட்டின் கணக்கில் ஒன்றும் சேராது. அதனால் பாட்டு இன்ஸ்டாகிராம் பட்டியலில் வந்துவிட்டதா என்று தேடிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே எடுத்துச் சேருங்கள். பாடும் காணொளியில் உதட்டசைவு பொருந்த வேண்டுமா? பட்டியல் பாட்டை அதே நொடியில் பொருத்தி, உங்கள் காணொளியின் ஒலியை அறவே குறைத்துவிடுங்கள். பாட்டு இன்னும் வரவில்லை, பதிவிட்டே ஆக வேண்டும் என்றால் அந்த 'ஒரிஜினல் ஆடியோ'வுக்குப் பாட்டின் பெயரை வையுங்கள். ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.

கணக்கு எந்த வகை என்பதையும் பாருங்கள். 'பிசினஸ்' கணக்காக இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் பாட்டுப் பட்டியல் சுருங்கிவிடும், பல சமயம் உங்கள் சொந்தப் பாட்டே அதில் அகப்படாது. 'கிரியேட்டர்' கணக்குக்கு மாறி, வகையில் இசைக்கலைஞர் என்று கொடுங்கள்.

மூன்றாவது, வழி. ரீலின் விளக்கத்தில் போடும் இணைப்பை யாராலும் அழுத்த முடியாது. முகப்பில் ஐந்து இணைப்பு வரை வைக்கலாம். ஆனால் புதிய பாட்டு ஒன்றுக்கு மட்டும், முதலாவதாக வையுங்கள். ஐந்தையும் நிரப்பினால் வந்தவர் எதையும் தொடாமல் திரும்புவார். ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் உண்டு. ரீல் நன்றாக ஓடுகிற அன்றே அதை ஸ்டோரியில் இட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கள், மறுநாள் ஆறிப்போகும். ஷார்ட்ஸில் விளக்கத்திலும் கருத்துப் பகுதியிலும் இணைப்பு வேலை செய்வதை 2023 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் ஏற்றும்போது 'ரிலேட்டட் வீடியோ' என்ற இடத்தில் முழுப் பாட்டைக் கோத்துவிடுங்கள். பலரும் தாண்டிப் போகிற பெட்டி இது. ஆனால் ஷார்ட்ஸிலிருந்து முழுப் பாட்டுக்கு ஆளைக் கூட்டிப்போக இருக்கும் நேர்வழி அதுதான்.

இன்ஸ்டாகிராமுக்குள் தொடும் இணைப்பு அதன் உள்ளேயே ஒரு சின்ன உலாவியில் திறக்கும். ஸ்பாட்டிஃபை அங்கே மறுபடியும் உள்நுழையச் சொல்லும், கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்த இடத்தில்தான் கூட்டம் கலைகிறது. கைப்பேசியிலிருக்கும் செயலியை நேராகத் திறக்கிற கூட்டு இணைப்புச் சேவையைப் பயன்படுத்துங்கள். அதில் யூடியூபை மேலே வையுங்கள். பழைய பாட்டுகளுக்குச் செய்த இணைப்பில் விங்க் என்ற இசைச் செயலி இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள், அந்தச் சேவையை 2024இல் மூடிவிட்டார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கேட்பவர் வரவில்லையென்றால், அவர்கள் ரசித்தது பாட்டை அல்ல. நகைச்சுவைக்காகவோ நாய்க்குட்டிக்காகவோ வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். அடுத்த துணுக்கைப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். பல்லவிக்கு முன்னால் வருகிற எட்டு நொடி இசை வேண்டாம். உங்கள் லோகோ சுழன்று வருவது வேண்டவே வேண்டாம். முதல் நொடியில் குரல், திரையில் அந்த வரி. வரியைத் திரையின் நடுப்பகுதியில் போடுங்கள். கீழே போட்டால் விளக்கமும் உங்கள் பெயரும் மறைக்கும், வலது ஓரத்தில் பொத்தான்கள் மறைக்கும். நீளம் 15 முதல் 20 நொடி. முடிவு சட்டென்று தொடக்கத்தோடு சேர்கிற மாதிரி தாளத்தில் வெட்டினால், திரும்ப ஓடுவது தெரியாமலே இரண்டாம் முறை கேட்டுவிடுவார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?
– கிட்டார் கலைஞர், நாகர்கோவில்

வாரத்துக்கு மூன்று. அதுவும் ஒரே பாட்டைப் பற்றி, ஆறு வாரம். ஒரு பாட்டுக்கு இரண்டு பதிவு போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுவதால்தான் எதுவும் ஒட்டுவதில்லை. உங்களுக்கு அலுத்துப்போன பிறகுதான் மற்றவர் காதில் முதல்முறையாக விழும்.

பறையும் குரலும் சேர்ந்த பாட்டு. கைப்பேசியில் எடுத்தால் பறை கிழிகிறது, குரல் அமுங்குகிறது. தனியாக ஒலிப்பதிவு செய்து சேர்த்தால் நான்காவது நிமிடத்தில் உதடும் குரலும் ஒட்டவில்லை.
– கலைக்குழு ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல்

கைப்பேசி தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும். பறையில் ஒரு அடி விழுந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிடும், அந்த அரை நொடியில் குரலும் சேர்ந்து அமுங்கும். மைக்கைக் கிட்டே கொண்டுபோவதால் தீராது. காணொளிக்கு மட்டும் கைப்பேசி, ஒலிக்குத் தனி ரெக்கார்டர் என்று நீங்கள் பிரித்தது சரிதான். பறையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தோலுக்கு நேரே இல்லாமல் சற்றுச் சாய்வாக ரெக்கார்டரை வையுங்கள். பலமான அடியில் முள் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி அளவைக் குறையுங்கள். நெருப்பில் காய்ச்சிய தோலின் முதல் அடிகள் மிகக் கூர்மையாக வரும், அதை வைத்தே அளவு பாருங்கள். பாடுகிறவருக்குக் கம்பியுள்ள காலர் மைக், தாடைக்கு ஒரு சாண் கீழே. ப்ளூடூத் காதொலிப்பானின் மைக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும், தாமதமும் வரும்.

ஒட்டாமல் போவதற்குக் காரணம், பெரும்பாலான கைப்பேசிகள் நொடிக்கு 30 சட்டம் (ஃப்ரேம்) என்று சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைப்பது. ஒரு நிமிடத் துணுக்கில் தெரியாது, நான்கு நிமிடத்தில் தெரியும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் காணொளியை முதலில் மாறாத சட்ட வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவிலும் ஒரு கைதட்டு. இரண்டும் பொருந்தினால் நடுவிலும் பொருந்தும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

எடிட் முடிந்த கோப்பை வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பி, இன்னொருவர் அதை இறக்கி இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார் என்றால் அத்தனை உழைப்பும் போச்சு. இரண்டு முறை பிழியப்பட்டுத்தான் அது மேலே ஏறும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது டிரைவ் வழியாக. 1080க்கு 1920, செங்குத்து. இன்ஸ்டாகிராம் அமைப்பில் உயர்தரத்தில் ஏற்றும் தெரிவைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கலவை முடிந்ததும் சாதாரண கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள். அதில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. ஸ்டுடியோவில் அதிர்ந்த பேஸ் அங்கே காணாமல் போயிருக்கும். அந்தத் தடத்தில் சாச்சுரேஷன் என்கிற லேசான ஒலிச்சிதைவைச் சேர்த்தால் மேல் சுரங்கள் முளைத்து, பேஸ் இருப்பதாகக் காது ஏற்றுக்கொள்ளும். ஒலியை முட்டமுட்ட உயர்த்தி மாஸ்டர் செய்வதால் லாபமில்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு அதைக் குறைத்துவிடும்.

திருப்புகழைச் சுருதிப் பெட்டி மட்டும் வைத்துப் பாடி யூடியூபில் ஏற்றினேன். ஒரு இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது. அருணகிரிநாதருக்கு அவர்கள் எப்போது பணம் கொடுத்தார்கள்?
– பாடகி, கும்பகோணம்

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டு. நம் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுக்குப் பிறகு படைப்பு பொதுச் சொத்து. பாடல் யாருடையதும் அல்ல. ஆனால் ஒலிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' என்ற இயந்திரத்துக்கு அருணகிரிநாதரைத் தெரியாது. ஒரு நிறுவனம் தன் ஒலிப்பதிவைக் கொடுத்து வைத்திருக்கும். அதே சுருதி, அதே மெட்டு, பக்கத்தில் நிற்கிற குரல் என்றால் அதே பதிவு என்று எடுத்துக்கொள்ளும். பக்திப் பாடல், கீர்த்தனை பாடுகிற எல்லாருக்கும் வருகிற தலைவலி.

இது உரிமைக் கோரிக்கை மட்டும், சேனல் மீது விழும் 'ஸ்ட்ரைக்' என்ற எச்சரிக்கை அல்ல. சேனலுக்கு ஆபத்தில்லை. யூடியூப் ஸ்டூடியோவில் அந்தக் காணொளியின் கட்டுப்பாடுகள் பகுதிக்குப் போய் மறுப்புப் பதியுங்கள். காரணமாகப் பொதுச் சொத்து என்பதைத் தேர்ந்தெடுத்து, இயற்றியவர், நூற்றாண்டு, மெட்டு மரபு மெட்டு, ஒலிப்பதிவு முழுவதும் என்னுடையது என்று நான்கு வரியில் எழுதுங்கள். கோபம் வேண்டாம். கோரிக்கை வந்த 5 நாளுக்குள் மறுத்தால், அந்த இடைக்கால வருமானம் முதல் நாளிலிருந்தே யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானே விழுந்துவிடும். மறுப்பை நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு, அதற்கு அவர்களுக்கு 7 நாள்தான். அந்தக் கட்டத்தில் அவர்கள் காணொளியை நீக்கக் கோரினால் 'ஸ்ட்ரைக்' வரலாம். ஆகவே மெட்டு உண்மையிலேயே மரபு மெட்டுதானா என்பதை அதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பாரதியார் பாட்டு 1949இல் நாட்டுடைமை ஆனது, ஆனால் சினிமாவில் வந்த மெட்டில் பாடினால் மெட்டு இன்னொருவருடையது.

நீங்களும் விநியோகப் படிவத்தில் கன்டென்ட் ஐடி வேண்டும் என்று அழுத்தும் முன் யோசியுங்கள். இணையத்தில் வாங்கிய பீட், பலருக்கும் விற்கப்பட்ட லூப் உங்கள் பாட்டில் இருந்தால் அதைப் பதியக் கூடாது, அதே பீட்டை வாங்கிய அத்தனை பேர் மீதும் கோரிக்கை பாயும். எல்லாம் உங்களுடையதுதான் என்றாலும், உங்கள் யூடியூப் சேனலையும் இன்ஸ்டா கணக்கையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாட்டுக்கு உங்கள் மீதே கோரிக்கை வந்து, ரீல் ஊமையாகிவிடும்.

சினிமாப் பாட்டை கவர் செய்து போட்டால்தான் ஆள் வருகிறது. செய்யலாமா?
– கீபோர்டு கலைஞர், சேலம்

ஆள் வரும், பணம் வராது. யூடியூபில் வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். தளங்களில் விற்பனைக்கு விட வேண்டுமென்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு இருக்கிறது: முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தனியாள் சமாளிக்கிற விஷயமல்ல. அதனால் கவரை ரீல்ஸ் அளவில் மட்டும் நிறுத்தி, மூன்று கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு என்று கலந்து கொடுங்கள். ஒரு வருடம் கவர் மட்டுமே போட்ட கணக்கில் திடீரென்று சொந்தப் பாட்டைப் போட்டால், பழைய ரசிகர்கள் அதை விரலால் தள்ளிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

குறைந்த விலைக்கு 10,000 ஸ்ட்ரீம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தொடக்கத்தில் ஒரு உந்துதலுக்காக வாங்கலாமா?
– ராப் கலைஞர், சென்னை வியாசர்பாடி

கூடாது. அந்தக் 'கேட்பவர்கள்' ஏதோ ஒரு தொலைதூர நகரத்தின் இயந்திரங்கள். ஸ்பாட்டிஃபை அதைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழிக்கும், மோசமானால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடும். அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் பாட்டையும் இறக்கிவிடுவார்கள். காசு கொடுத்துச் சேரும் பிளேலிஸ்ட்களும் பெரும்பாலும் இதே கதைதான். இருபதாயிரம் பேர் பின்தொடரும் பட்டியலில் உங்கள் பாட்டு சேர்ந்தும் ஒருவர்கூடச் சேமிக்கவில்லை, எல்லாரும் ஒரே ஊர் என்றால் உடனே வெளியே வாருங்கள். கேட்காமலே யாராவது சேர்த்திருந்தாலும் விநியோக நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து வையுங்கள்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் வருமானக் கணக்கில் சேரும். அந்த ஆயிரத்தைத் தாண்டத்தான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். ஆயிரத்தைத் தாண்டிக் கிடைப்பது ஒரு டீக்கும் பன்னுக்கும் பக்கத்தில்தான் நிற்கும். அதற்கு இவ்வளவு ரிஸ்க் எதற்கு?

விளம்பரத்துக்கு மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. 'பூஸ்ட்' அழுத்தலாமா?
– பாடலாசிரியர், ஈரோடு

18 சதவீத ஜிஎஸ்டி போக உங்கள் கையில் ஏறக்குறைய 2,540 ரூபாய். நீலப் பொத்தானை அழுத்தாதீர்கள், கணினியில் மெட்டாவின் 'ஆட்ஸ் மேனேஜர்' திறந்து செய்யுங்கள். ஒரே பாட்டின் மூன்று வெவ்வேறு துணுக்குகளுக்குத் தலா 150 ரூபாய் வீதம் இரண்டு நாள் ஓட்டினால் 900 ஆகும். எதில் ஆட்கள் இணைப்பைத் தாண்டிப் பாட்டுவரை போனார்கள் என்று பார்த்து, மீதி 1,600ஐ அந்த ஒன்றுக்கு மட்டும் நாளுக்கு 200 வீதம் எட்டு நாள் போடுங்கள்.

தவறுகிற இடங்கள் மூன்று. இன்ஸ்டாகிராம் பட்டியலிலிருந்து பாட்டை எடுத்துச் சேர்த்த ரீலை விளம்பரமாக்க விட மாட்டார்கள், விளம்பரத்துக்கென்று பாட்டைக் காணொளியிலேயே பதித்த தனிக் கோப்பு வேண்டும். இலக்கில் மொழி என்று தமிழைத் தேர்ந்தெடுத்தால் செயலியையே தமிழில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போகும். நம்மவர்களில் பலர் கைப்பேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மொழியைக் காலியாக விட்டு, உங்கள் இசைக்கு நெருக்கமான கலைஞர்களின் பெயர்களை ஆர்வமாகக் கொடுங்கள். மூன்றாவது, 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' இடத்தை நீக்கிவிடுங்கள். விளையாட்டுச் செயலிகளில் கைதவறி விழும் அழுத்தங்களுக்கும் அங்கே பணம் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ராப் செய்கிறோம். இங்கே டிக்டாக்தான் எல்லாம். தமிழ்நாட்டு ஆட்களை எப்படிப் பிடிப்பது?
– மூவர் குழு, யாழ்ப்பாணம்

இந்தியாவில் 2020 ஜூன் 29இல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அங்கே எவ்வளவு ஓடினாலும் சென்னைக்குத் தெரியாது. டிக்டாக்கில் ஏற்றிய பிறகு இறக்கி ரீல்ஸில் போடாதீர்கள், முத்திரை விழுந்த காணொளியை இன்ஸ்டாகிராம் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைத்துவிடும். எடிட் செயலியிலிருந்து சுத்தமான கோப்பை எடுத்து டிக்டாக், ரீல்ஸ், ஷார்ட்ஸ் மூன்றிலும் தனித்தனியாக ஏற்றுங்கள். விநியோகப் படிவத்தில் டிக்டாக் துணுக்கு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்று கேட்பார்கள். பல்லவியின் முதல் சொல் விழும் நொடியைக் கொடுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் நுழைய எளிதான வழி, இன்ஸ்டாகிராமின் 'கொலாப்'. சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒரு ராப் கலைஞருக்கு எட்டு வரி கொடுத்து, அந்த ரீலை இரு கணக்கிலும் சேர்த்து வெளியிடுங்கள். பார்வை, கருத்து எல்லாம் ஒரே பதிவில் சேரும். யாழ்ப்பாண வழக்கைச் சென்னைக்காக மாற்ற வேண்டாம், அதற்காகத்தான் நின்று கேட்பார்கள். வரிகளை மட்டும் திரையில் தமிழ் எழுத்தில் போடுங்கள். கனடா, பிரிட்டன், பிரான்ஸில் உள்ள உங்கள் ஊர்க்காரர்களையும் மறக்காதீர்கள், ஒரு முறை கேட்டால் கிடைக்கும் தொகை அந்த நாடுகளில் அதிகம். விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் வங்கிக்குப் பணம் எந்த வழியாக வரும் என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதிலெல்லாம் கடைசியில் பணம் எங்கிருந்து வரும்?
– இசையமைப்பாளர், புதுச்சேரி

யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்த கணக்கோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். சேர்ந்ததும் வரிப் படிவத்தை நிரப்புங்கள். விட்டுவிட்டால் உலக வருமானம் முழுவதிலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வந்ததில் மட்டும் 15. பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிய வேண்டும். விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான பணம், இது வேறு பணம். பாட்டின் ஒலிப்பதிவுக்கு அடையாளமாகக் கிடைக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னாளில் நிறுவனம் மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய எண்ணிக்கை தொடரும்.

நாங்கள் நாதஸ்வரக் குழு. ஸ்ட்ரீமிங் எல்லாம் எங்களுக்கு எதற்கு? கல்யாண புக்கிங் வந்தால் போதும்.
– நாதஸ்வரக் கலைஞர், திருவாரூர்

நியாயம். அப்படியானால் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. முகப்பில் பாட்டு இணைப்புக்குப் பதில் வாட்ஸ்அப் பிசினஸ் எண், ஊர், எத்தனை பேர் குழு. மூன்று ரீல்களை எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்து வையுங்கள்: மாப்பிள்ளை அழைப்பில் நடந்துகொண்டே வாசிப்பது ஒன்று, மேடையில் கெட்டிமேளம் ஒன்று, சாவகாசமாக ஒரு ராகம் ஒன்று. குழு முழுவதும் சட்டகத்தில் தெரியட்டும். பெண் வீட்டார் பார்ப்பது வாசிப்பை மட்டுமல்ல, உடையையும் எத்தனை தவில் என்பதையும்தான். ஃபேஸ்புக்கை விட்டுவிடாதீர்கள், கல்யாணத்தை முடிவுசெய்கிற வயதுக்காரர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். காணொளியை வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் சுற்றுகிற அளவுக்கு, ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள்.

சினிமாப் பாட்டை நாதஸ்வரத்தில் வாசித்த துணுக்குக்கும் உரிமைக் கோரிக்கை வரலாம், சில நேரம் ஒலி நின்றுவிடும். 'பின்' செய்யும் மூன்றும் கீர்த்தனையாகவோ மல்லாரியாகவோ இருக்கட்டும். கல்யாணத்தில் எடுத்ததை வெளியிட வீட்டாரிடம் முன்பணம் வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தில் உங்களுக்குப் பதிவிட நேரம் இருக்காது. அப்போது எடுத்து வைத்ததை ஆடியிலும் மார்கழியிலும் வாரம் மூன்று வீதம் விடுங்கள், ஆவணிக்கும் தைக்கும் ஆள் தேடுகிறவர்கள் அப்போதுதான் தேடுவார்கள்.